வாழைநார்ப் பலகையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்போம்

வாழைநாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, ரெசின் (ஊற்றியபின் இறுகிப்போகும் பிசின்) விட்டு, அச்சில் வைத்து அழுத்தினால் பலகை. சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது போன தடவை நன்றாக வந்தது இந்தத் தடவை பிசுபிசுக்கும். பார்க்க அழகாக இருக்கும் பலகையை வளைத்தால் நார் தனியாக உருவிக்கொண்டு வரும். சிறிய ஷெட் ஒன்றில் வாழைநார், கற்றாழை நார், தென்னை நார் மூன்றையும் பாலியெஸ்டர், எபாக்சி என்ற இரண்டு வகை ரெசினிலும் போட்டு வேலை செய்கிறேன். கடைசி வருஷ புராஜெக்டுக்காக பொறியியல் மாணவர்கள் உடைந்த துண்டோடு வந்து நிற்கும்போது எந்த வரிசையில் கேள்வி கேட்பேனோ, ஏறக்குறைய அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகை சரியில்லை என்றதும் எல்லாரும் கை வைப்பது சோடாவின் அளவில். 5 சதவீதம் போதவில்லை, 8 ஆக்குவோம், 10 ஆக்குவோம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கழுவியதில் இருக்கும், இல்லாவிட்டால் காயவைத்ததில் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் சோடாவைக் கூட்டுவதைக் கடைசி யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

## சரியாக நடந்தால் எப்படி நடக்கும்

நாருக்கு வலுவைத் தருவது செல்லுலோஸ். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின், மேலே மெழுகு. ரெசின் இந்த மெழுகின் மேல் ஒட்டாது. ஹெமிசெல்லுலோஸோ தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சோடா இவற்றைக் கரைத்து, நாரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. தடித்த நார்க்கற்றை பிரிந்து மெல்லிய இழைகளாகிறது, ரெசின் பிடிக்க இடம் கூடுகிறது.

இதை மெர்சரைசேஷன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஜான் மெர்சர் 1844-இல் பருத்தியில் கண்டுபிடித்து, 1850-இல் காப்புரிமை வாங்கியது அடர்த்தியான காரத்தில் நடக்கும் வேலை. அதில் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும். நாம் 5 சதவீதத்தில் செய்வது கிட்டத்தட்ட தேய்த்துக் கழுவுவது மட்டும்தான். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் சோடாவை ஏற்றும் ஆசை தானாகக் குறையும்.

என் வழக்கமான அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சோடா. 1 கிலோ நாருக்கு 20 லிட்டர் கரைசல். அறை வெப்பத்தில் வாழைநாருக்கு ஒரு மணி நேரம், கற்றாழைக்கு இரண்டு மணி நேரம், தென்னை நாருக்கு இன்னும் கூடுதல். நடுவில் இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். எடுத்து ஓடும் தண்ணீரில் அலசி, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் பத்து நிமிஷம் வைத்து, மறுபடியும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நிழலில் ஈரம் வடிந்தபின் ஓவனில் 80 டிகிரி செல்சியஸில், எடை மாறாமல் நிற்கும் வரை காய வேண்டும்.

எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் முழங்கை வரை உள்ள ரப்பர் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கட்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர். ஒரு கல்லூரி மாணவர்கள் விடுதி அடுக்களையில் இருந்த அலுமினிய அண்டாவில் கரைசலைக் கலக்கினார்கள். அலுமினியத்தைச் சோடா தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நுரை பொங்கியதைப் பார்த்துப் பயந்து தள்ளி நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் கதை வேறு.

## உடைத்த இடத்தில் நார் நீளநீளமாக உருவி நிற்கிறது

பலகையை உடைத்து, உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நார் அரை விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வழுவழுப்பாக, ரெசினின் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் இருந்தால் ஒட்டுதல் நடக்கவே இல்லை என்று அர்த்தம். நார் இருந்த இடத்தில் ஊசி குத்தியது போல் சுத்தமான ஓட்டையும் தெரியும். நார் கொஞ்சமாக நீட்டி, அதன்மேல் ரெசின் பொடி ஒட்டியிருந்தால் அது நல்ல பலகை.

முதலில் மீதியிருக்கும் காய்ந்த நாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் மெழுகு போகவில்லை. உடனே பரவி உள்ளே இறங்கினால் சோடா தன் வேலையைச் செய்திருக்கிறது. நீங்கள் கீழே ஈரத்தைப் பற்றிப் பேசும் ‘குமிழ், ஊசி ஓட்டை’ பகுதிக்குப் போகலாம்.

மெழுகு போகாததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது சோடாவின் அளவை அல்ல, சோடாவின் வயதை. மூட்டையைத் திறந்துவைத்தால் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து, மெல்ல மெல்ல சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக, மாறிவிடும். தராசில் 50 கிராம் காட்டும், வேலை அதில் பாதிகூட நடக்காது. இதைக் கண்டுபிடிக்க, கரைசலில் ஒரு ஸ்பூன் எடுத்து, அதில் வெள்ளை வினிகரை இரண்டு மூன்று ஸ்பூன் வரை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். காரம் அடங்கியபிறகு குபுகுபுவென்று நுரைத்தால் கார்பனேட் நிறைய இருக்கிறது. புதுச் சோடா வாங்குங்கள். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் காற்றுப் புகாத டப்பாவில் பிரித்து வையுங்கள்.

அடுத்தது, வாளிக்குள் நாரைத் திணிப்பது. கட்டாகக் கட்டிய நாரை அப்படியே முக்கினால் வெளிப்பக்கம் மஞ்சளாகி, கட்டின் நடுவில் பழைய நிறமே இருக்கும். கட்டை அவிழ்த்து நடுநாரைப் பாருங்கள். அங்கே நிறம் மாறாமல் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தும் உருவிக்கொண்டு வந்தால், சிலேன் பூச்சுக்குப் போகலாம். சிலேன் நாருக்கும் ரெசினுக்கும் நடுவில் இருபக்கமும் கைகொடுக்கும் பொருள். ஆனால் எபாக்சிக்கு அமினோ சிலேன், பாலியெஸ்டருக்கு வினைல் அல்லது மெத்தாக்ரிலாக்சி வகை. இதை மாற்றிப் போட்டுவிட்டு, சிலேன் பயனில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வினைல் வகையைத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்ததில், அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 4 முதல் 5-க்குள் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கலக்கி, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். கரைசல் பால் போல் கலங்கிவிட்டால் சிலேன் தன்னோடு தானே சேர்ந்துவிட்டது. அதில் நாரை முக்கிப் பிரயோஜனம் இல்லை.

தென்னை நாருக்கு ஒரு வார்த்தை. அதன் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளவாக்கில் ஓடாமல், 30 டிகிரிக்கும் மேலே சாய்ந்து, ஸ்பிரிங் போலச் சுற்றிக் கிடக்கும். அதனால்தான் தென்னை நார் அவ்வளவு இழுபடும், அதனால்தான் வாழையோ கற்றாழையோ தரும் இழுவலுவை அது தராது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அந்தக் குறை இருக்கும். தென்னை நார்ப் பலகையிடம் அடி தாங்குவதையும் சத்தம் உறிஞ்சுவதையும் எதிர்பாருங்கள்.

## மறுநாளும் பலகை பிசுபிசுக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பிசுபிசுப்புக்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன, நான்குக்கும் மருந்து வேறு. பிசுபிசுப்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம்.

காற்று படும் மேல்பக்கம் மட்டும் ஒட்டுகிறது, அச்சைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடி போல இறுகியிருக்கிறது என்றால், நாரின் மேல் பழி போட வேண்டாம். பாலியெஸ்டர் இறுகுவதைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் தடுக்கும். மேலே ஒரு பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் போர்த்தினால் தீர்ந்தது.

பலகை முழுக்க ரப்பர் போல வளைகிறது என்றால் கலவை விகிதத்தைப் பாருங்கள். கல்லூரிகளில் அதிகம் புழங்கும் எல்.ஒய். 556 எபாக்சிக்கு எச்.ஒய். 951 ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) எடையில் 10-க்கு 1. கண்மதிப்பில் ஊற்றாமல் தராசில் வைத்து ஊற்ற வேண்டும். பாலியெஸ்டரில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே, இறுகலைத் தொடங்கிவைக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இவை இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவு கப்பில் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கும் பழக்கம்கூட வேண்டாம்.

மூன்றாவது, நாரை ஒட்டிய இடத்தில் மட்டும் மென்மை. நகத்தால் அழுத்திப் பார்த்தால் நார் இல்லாத மூலையில் நகம் இறங்காது, நாரின் மேல் இறங்கும். இது பெரும்பாலும் கழுவாமல் விட்ட காரம். நாருக்குள் குழல் உண்டு. சோடா அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாயடியில் அலசியதும் வெளித்தண்ணீர் சுத்தமாக இருக்கும், தொட்டால் வழவழப்பு இருக்காது, சரி போய்விட்டது என்று நினைப்போம். உள்ளே இருப்பது மெதுவாக வெளியே வரும். பாலியெஸ்டரைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பைக் காரம் அறுத்துவிடும். எண்ணெயைச் சோடா சோப்பாக்குவதும் அதே வேலைதான்.

இதைக் கண்டுபிடிக்க, அலசி முடித்த நாரில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் பி.எச். தாளில் பாருங்கள். தாள் கைவசம் இல்லையா, சமையலறை மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, நாரைப் பிழிந்து ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சிவப்பு காகிதத்தில் வந்தால் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். எங்கள் ஷெட்டில் பி.எச். தாள் தீர்ந்துபோன ஒரு வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. இப்போது தாள் இருந்தாலும் மஞ்சள் காகிதம் ஒன்றும் கூடவே நனைகிறது. ஆனால் அமிலம் மிஞ்சியிருப்பதை மஞ்சள் காட்டாது, அதற்குத் தாள்தான் வேண்டும்.

நான்காவது, தென்னை நாரில் வருவது. பாலியெஸ்டர் ரெசின் டின்னுக்குள்ளேயே இறுகிவிடக் கூடாது என்று ஹைட்ரோகுவினோன் போன்ற பீனால் வகைப் பொருளைக் கொஞ்சம் சேர்த்துத்தான் விற்கிறார்கள். லிக்னினும் பீனால் குடும்பம். தென்னை நாரில் அது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வாழையிலும் கற்றாழையிலும் அதில் சிறு பங்குதான். அதனால் வாழைநாரில் சரியாக இறுகும் அதே ரெசின் தென்னை நாரில் தாமதிக்கும். இதற்குக் கேட்டலிஸ்டைக் கண்டபடி ஏற்றுவது வழியல்ல. அலசும் தண்ணீர் காபி நிறம் போய்த் தெளியும் வரை அலசுங்கள். பலகை இறுகியபிறகு 80 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் ஓவனில் வையுங்கள். அப்படியும் தொல்லை தொடர்ந்தால் தென்னை நாருக்கு எபாக்சிக்கு மாறிவிடுவது நல்லது.

## குமிழ், ஊசி ஓட்டை, வெள்ளைத் திட்டு

இது ஈரம். வேறு காரணங்களும் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஈரம்.

வெயிலில் இரண்டு நாள் மொறுமொறுவென்று காய்ந்த நார் என்று ஒருவர் கொண்டுவந்தார். 100 கிராம் நிறுத்து ஓவனில் 105 டிகிரியில் வைத்தேன். எடை இறங்குவது நின்றபோது 91 கிராம். கைக்கு மொறுமொறுப்பாகத் தெரிந்த நாரில் அவ்வளவு தண்ணீர் இருந்தது. இயற்கை நார் எதுவானாலும் திறந்த காற்றில் 8 முதல் 12 சதவீதம் ஈரம் வைத்துக்கொண்டுதான் இருக்கும். ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் இந்தத் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குமிழாக நின்றுவிடும்.

ஓவனிலிருந்து எடுத்த நாரை உடனே ஒரு நல்ல தராசில் வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். நார் காற்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை அங்கே எண்ணாகவே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் வேகம். அதனால் அச்சுக்கு வேக்ஸ் பூசி, ரெசினை நிறுத்துவைத்து, எல்லாம் தயாரானபின்தான் ஓவன் கதவைத் திறக்க வேண்டும். பலபேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: நாரை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அச்சைத் துடைக்கத் தொடங்குகிறார்கள். உடனே போட முடியாவிட்டால் சூடு ஆறும் முன்பே தடித்த பாலித்தீன் பையில் போட்டு வாயை ஒட்டிவிடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

ஈரம் சரியாக இருந்தும் குமிழ் வந்தால், ரெசின் நாருக்குள் இறங்காததுதான். காரணம் பெரும்பாலும் அவசரம். முதலில் அச்சில் ரெசினைப் பூசி, அதன்மேல் நாரை வைத்து, அது தானாக நனைந்து மேலே கசியும் வரை பொறுத்து, பிறகு ரோலர் ஓட்ட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று கீழே மாட்டிக்கொள்ளும். நாரைப் பாயாகப் பின்னிப் போட்டால், கெட்டியான பாயைவிட தளர்வான பாய் நன்றாக நனையும். நார் அளவு எடையில் 25, 30 சதவீதத்தைத் தாண்டினால் கையால் அழுத்துவது போதாது. பளு வைக்க வேண்டும் அல்லது வேக்கம் பை (காற்றை உறிஞ்சி அழுத்தும் பை) போட வேண்டும்.

## நார் கையிலேயே ஒடிகிறது

ஒற்றை இழையில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு மெதுவாக இறுக்குங்கள். நல்ல வாழைநார் முடிச்சு விழுந்து கொஞ்சம் இழுத்தபிறகே அறும். கெட்ட நார் முடிச்சு இறுகும் முன்பே பட்டென்று ஒடியும்.

சோடா அதிகம், நேரம் அதிகம் என்பது எல்லாரும் அறிந்த காரணம். அதிகம் கவனிக்காதது சூடு. சோடா கரையும்போது தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஒரு சித்திரை மாதம், மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆறவிடாமல் நாரைப் போட்டுவிட்டேன். அளவு அதே 5 சதவீதம், நேரம் அதே ஒரு மணி. எடுத்துக் காயவைத்தபின் சீவும்போது சீப்பில் துண்டு துண்டாக வந்தது. கரைசலை முந்தின நாள் மாலையே போட்டு வைத்துவிடுவது அன்றிலிருந்து வழக்கம்.

இன்னொன்று, காரத்தை முறிக்க அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ கந்தக அமிலத்தையோ பயன்படுத்துவது. அசிட்டிக் அமிலம் மிஞ்சினால் காயும்போது பெரும்பாலும் பறந்துவிடும். கந்தக அமிலம் பறக்காது. தண்ணீர் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடி செல்லுலோஸையே அறுக்கும். ஓவனில் போடும்வரை நன்றாக இருந்த நார், எடுக்கும்போது ஒடிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒடிந்த நாரைத் திரும்பச் சரிசெய்ய வழி இல்லை. சிறிதாக நறுக்கி, வலு தேவைப்படாத பலகைக்கு நிரப்பியாகப் போடலாம். அடுத்த தடவைக்கு ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: சோடாவுக்கு முன்னும் பின்னும் ஓவனில் காய்ந்த எடையைக் குறித்துவையுங்கள். நன்றாக வந்த ஒரு பேட்சில் எவ்வளவு சதவீதம் எடை குறைந்ததோ, அதுதான் உங்கள் நாருக்கான அளவுகோல். அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் செல்லுலோஸும் சேர்ந்து போகிறது, நேரத்தைக் குறையுங்கள்.

## கருநீலத் திட்டு, மஞ்சள், வெள்ளைப் பொடி

திட்டு கருநீலமாக மை போல இருந்தால் இரும்பு. வாழைச் சாற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு; டானினும் இரும்பும் சேர்ந்தால் மைதான். கடுக்காயையும் அன்னபேதியையும் வைத்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வேதியியலில். இரும்பு டிரம், துருப்பிடித்த சீப்பு, செம்மண் நிறத்தில் வரும் போர்வெல் தண்ணீர் மூன்றையும் பாருங்கள். நீர்த்த ஆக்ஸாலிக் அமிலத்தில் திட்டு போகும், ஆனால் அது விஷம். கையுறையோடு செய்து நன்றாக அலச வேண்டும்.

மஞ்சளாவது குற்றமில்லை. காரம் பட்டால் லிக்னின் மஞ்சளாகும். வெளுப்பாக வேண்டும் என்று பெராக்சைடில் ஊறவைப்பது பார்வைக்கு மட்டும்தான்.

காய்ந்த நாரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கழுவாத சோடா காற்றில் கார்பனேட்டானது, அல்லது உப்புத்தண்ணீரின் சுண்ணாம்பு. இரண்டுக்கும் மருந்து மழைத்தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கடைசி அலசல்.

## சோடாக் கரைசல் கறுத்துவிட்டது. இன்னும் பயன்படுமா?

பயன்படும். கொட்டக் கூடாது என்பதே என் கருத்து. லிட்டருக்கு 50 கிராம் வீதம் 20 லிட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிலோ நாருக்கு 1 கிலோ சோடா ஆகிறது. ஒவ்வொரு தடவையும் அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, பலகையின் மேல் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று ஒட்டினால் அது உண்மையாகாது. நார் நன்றாகப் புரளும் வாளி என்றால் 1 கிலோவுக்கு 12, 15 லிட்டரே போதும். கரைசலை வடிகட்டி, புதுச் சோடா கொஞ்சம் சேர்த்து மூன்று நான்கு தடவை ஓட்டலாம். சொட்டுத் தண்ணீர் சோதனையில் நார் தோற்கத் தொடங்கினால் அது முடிந்தது.

முடிந்த கரைசலை அமிலம் விட்டு நடுநிலையாக்குங்கள். வெளியேற்றும் கழிவுநீரின் பி.எச். 5.5 முதல் 9.0 வரை இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் பொது விதி. அது மட்டும் போதாது. கரைந்த ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் ஆற்றில் போனால் அவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதற்கும் தனி வரம்பு உண்டு, உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராம். சிறு ஷெட்டுக்கு நடைமுறை வழி, தொட்டியில் தேக்கி, சுத்திகரிப்பு நிலையம் உள்ள பக்கத்துச் சாயப்பட்டறையோடு பேசிக்கொள்வது. தோட்டத்தில் விட வேண்டாம். சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

## தண்ணீரில் நனைந்ததும் ஓரம் ஊதுகிறது

அறுத்த ஓரத்தில் நாரின் வாய் திறந்திருக்கிறது. குழல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி, நார் தடித்து, ரெசினை நெட்டித் தள்ளுகிறது. பிறகு காயும்போது நார் சுருங்கி இடைவெளி விடுகிறது. அறுத்த உடனே ஓரத்துக்கு இரண்டு கோட் ரெசின் பூசுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடை பார்க்கும் சோதனைக்குத் துண்டு வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். ஓரம் பூசிய துண்டையும் பூசாத துண்டையும் ஒப்பிட்டு, சோடாவினால் முன்னேற்றம் என்று ரிப்போர்ட் எழுதக் கூடாது.

நடுப்பரப்பில் கொப்புளம் வந்தால் நாரில் உப்பு மிஞ்சியிருக்கிறது. அமிலத்தில் முக்கியபிறகு வரும் கடைசி அலசலை விட்டிருப்பீர்கள். சோடியம் அசிடேட் உள்ளேயே நின்று தண்ணீரை இழுக்கிறது.

எவ்வளவு செய்தாலும் மழையில் நிற்கும் வேலைக்கு இந்தப் பலகையை நான் தருவதில்லை. ஐரோப்பிய கார் கம்பெனிகள் 1990-களிலிருந்து ஆளி நார், கற்றாழை நார்ப் பலகைகளைக் கதவின் உள்பக்கம்போல நனையாத இடங்களில்தான் அதிகம் வைத்துவருகின்றன.

## சூட்டு அழுத்தத்தில் கருகல் வாடை

ரெசினுக்குப் பதில், சூட்டில் உருகும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கோடு நாரைச் சூட்டு பிரெஸ்ஸில் போடுபவர்களுக்கு இது. அது 165 டிகிரியை ஒட்டி உருகும், நாரோ 200 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் வேலை. 175 முதல் 185-க்குள் வைத்து, நேரத்தைச் சில நிமிஷங்களோடு நிறுத்துங்கள். பிரெஸ் காட்டும் எண்ணை நம்பாமல் தட்டின் மேல் வெப்பமானி வைத்து ஒருமுறை சரிபாருங்கள். இங்கே ஒட்டுதலுக்கு மேலீயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிப்ரொப்பிலீனை 2 முதல் 5 சதவீதம் சேர்க்க வேண்டும். சோடா மட்டும் போதாது, ஏனென்றால் வெறும் பாலிப்ரொப்பிலீனுக்கு நாரைப் பிடிக்கக் கையே கிடையாது.

## எல்லாம் ஒன்றுபோலச் செய்தும் ஒவ்வொரு பேட்சும் ஒவ்வொரு மாதிரி

நார் ஒன்றுபோல இல்லை. வாழைத் தண்டின் வெளிமட்டையில் நார் தடிப்பு, நிறம் கறுப்பு. உள்ளே போகப் போக மெல்லிசாகி வெளுக்கும். நார் எடுக்கும் இடத்தில் எல்லா மட்டையையும் கலந்து ஒரே கட்டாகத்தான் கட்டுவார்கள். ஒரு மணி நேர ஊறலில் வெளிமட்டை நார் அரைவேக்காடு, உள்மட்டை நார் குழைந்துபோகும். கூடுதல் கூலி கொடுத்தாவது மட்டை பிரித்து வாங்குங்கள். பூவனையும் நேந்திரனையும் கலக்க வேண்டாம். தார் வெட்டி எத்தனை நாள் கழித்துத் தண்டை மிஷினில் விட்டார்கள் என்றும் கேளுங்கள். வெட்டிப் போட்ட தண்டு புளித்துவிட்டால் நார் அங்கேயே பலம் இழந்துவிடும், அதற்குமேல் சோடா எதுவும் செய்ய முடியாது.

ஒவ்வொரு கட்டு வந்ததும் அதிலிருந்து ஒரு விரல் தடிமனுக்கு நாரை எடுத்து, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரகம், எந்த மட்டை, தேதி மூன்றையும் எழுதி ஒட்டி வைக்கிறேன். சோடாவில் போடும் முன் எடுத்தது ஒரு கவர், ஓவனிலிருந்து எடுத்தது ஒரு கவர். பலகையில் கோளாறு தெரிய ஒரு மாதம்கூட ஆகும். அப்போது அந்த இரண்டு கவரையும் திறந்து, முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மஞ்சள் காகிதத்தில் பிழிந்து பார்த்தால், கோளாறு நாரோடு வந்ததா, நம் வாளியில் வந்ததா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.